"எனக்குக் கேட்கிறதே!": இணையவழி மாநாட்டில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

கட்டற்ற மென்பொருள் குழுமத்துக்காக இணையவழி மாநாடு நடத்தும் ஆட்களுக்கு இது. மாநாட்டை எப்படித் திட்டமிடுவது என்று சொல்ல வரவில்லை. முதல் உரை தொடங்கி நாலாவது நிமிடம், அரட்டையில் "சத்தம் வரல", "கேக்கல", "மைக் ஆன் பண்ணுங்க" என்று சரம் சரமாக விழும்போது எங்கே கை வைப்பது என்பதுதான் விஷயம். உங்களுக்கு எந்தக் கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அடுத்த பத்தியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே பிடிபட்டுவிடும்.

கோளாறு ஒருவருக்கா, எல்லோருக்குமா? பேச்சாளரின் கணினியில் புறப்படும் குரல், ஜிட்சியோ பிக்புளூபட்டனோ, ஏதோ ஒரு காணொளிக் கூட்ட மென்பொருளின் அறைக்குள் வருகிறது. அங்கிருந்து, படத்தையும் ஒலியையும் கலந்து நேரலைக்கு அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருள் ஓடும் கணினிக்கு, அங்கிருந்து நேரலைத் தளத்துக்கு, கடைசியில் பார்ப்பவரின் காதுக்கு. ஐந்து நிறுத்தங்கள். ஒருங்கிணைப்பாளர் உட்கார்ந்திருப்பது இரண்டாவது நிறுத்தத்தில், அதனால்தான் வெளியே இருநூறு பேர் ஊமைப்படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் "எனக்குக் கேட்கிறதே!" என்பார். நானும் சொல்லியிருக்கிறேன். மருந்து எளிது: குழுவில் ஒருவர் அறைக்குள் வரவே கூடாது. மற்றவர்களின் வைஃபையோடு சம்பந்தமில்லாத மொபைல் டேட்டாவில், தனி ஃபோனில், ஹெட்செட் போட்டுக்கொண்டு, பார்வையாளர் பார்க்கும் அதே நேரலைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டுமே அவர் வேலை. நாங்கள் அவரை 'வெளியாள்' என்போம். கீழே அடிக்கடி வருவார்.

வாய் அசைகிறது, குரல் வரவில்லை

வெளியாளிடம் கேளுங்கள். அறைக்குள் கேட்கிறது, நேரலையில் இல்லை என்றால் பேச்சாளரைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவர்மேல் தப்பில்லை. ஓபிஎஸ்ஸின் ஆடியோ மிக்சரைப் பாருங்கள். பட்டை ஆடவில்லையா? உலாவியின் சத்தம் ஓபிஎஸ் காது கொடுக்கும் சாதனத்துக்குப் போகாமல் வேறெங்கோ போகிறது. ஓபிஎஸ் ஓட்டுகிறவர் நடுவில் ஹெட்செட்டைச் செருகியிருப்பார், இயங்குதளம் புதுச் சாதனத்தைக் கண்டதும் எல்லாச் சத்தத்தையும் அதற்குத் திருப்பிவிட்டிருக்கும். ஒலி மூலத்தை 'டிஃபால்ட்' என்று விடாமல் சாதனத்தின் பெயரையே தேர்ந்தெடுத்து, உலாவியையும் அதே சாதனத்தோடு கட்டிவிட்டால் இது திரும்ப வராது. பட்டை நன்றாக ஆடுகிறது, ஆனாலும் வெளியே கேட்கவில்லை என்றால் ம்யூட் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேம்பட்ட ஒலி அமைப்பைத் திறங்கள். 'மானிட்டர் ஒன்லி' (ஓபிஎஸ் ஓட்டுகிறவருக்கு மட்டும் கேட்கும்) தேர்வாகியிருக்கும், இல்லாவிட்டால் நேரலைக்குப் போகும் டிராக்கில் டிக் விழாமல் இருக்கும்.

அறைக்குள்ளேயே கேட்கவில்லை என்றால் கதை வேறு. பிக்புளூபட்டனில் நுழையும்போது மைக்கோடு வருகிறீர்களா, கேட்க மட்டும் வருகிறீர்களா என்று கேட்கும். பதற்றத்தில் இருப்பவர் எதையோ சொடுக்கி உள்ளே வந்துவிடுவார், அப்புறம் மைக் பொத்தானையே காணோம் என்பார். அறையை விட்டுப் போக வேண்டாம், ஒலி இணைப்பை மட்டும் துண்டித்து மைக்கோடு மறுபடி சேரச் சொன்னால் போதும். ஜிட்சியில் என்றால் உலாவியில் எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வெளித்திரையிலோ வெப்கேமிலோ ஒரு மைக் ஒளிந்திருக்கும், உலாவி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஹெட்செட் வயரில் ஒரு குட்டி ம்யூட் பொத்தான் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும், ஆனால் கேளுங்கள்.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது

புளூடூத். வேறு எதையும் சந்தேகப்படும் முன் அதைக் கேளுங்கள். புளூடூத் ஹெட்செட் பாட்டுக் கேட்கும்போது ஒரு முறையில் ஓடும், அதன் மைக்கையும் திறந்தவுடன் தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு இறங்கிவிடும். குரல் சப்பிப்போய்விடும், கேட்கும் ஒலியும் கூடவே தரம் இறங்கும். ஹெட்செட்டைக் கழற்றச் சொல்லத் தேவையில்லை, கேட்பதற்கு அது, பேசுவதற்கு லேப்டாப்பின் சொந்த மைக் என்று உள்ளீட்டை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வயர் வைத்த சாதாரண இயர்ஃபோன் இருந்தால் அதுவே உத்தமம்.

ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு தடவை கேட்கிறது

எவ்வளவு தள்ளி இரண்டாவது தடவை கேட்கிறது என்று கவனியுங்கள். உடனடியாக, கால் விநாடி அரை விநாடியில் திரும்பி வந்தால் யாரோ ஒருவரின் ஸ்பீக்கர் சத்தம் அவருடைய மைக்குக்குள் நுழைகிறது. இதில் ஒரு வேடிக்கை, எதிரொலியை உண்டாக்குகிறவருக்கு மட்டும் அது கேட்காது. ஆகவே "எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே, நன்றாகத்தானே இருக்கிறது" என்று யார் சொல்கிறாரோ அவரை முதலில் ம்யூட் செய்யுங்கள்.

இருபது முப்பது விநாடி கழித்து அதே குரல் ஆவி போல வந்தால் அது எதிரொலியே இல்லை. பேச்சாளர் இன்னொரு டேபில் நேரலைப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார், தன் உரை எப்படித் தெரிகிறது என்று பார்க்கும் ஆசையில். அந்த டேபை மூடச் சொல்லுங்கள். ஒரு முறை எங்கள் நெறியாளரே அதைச் செய்துவிட்டு, பேச்சாளரிடம் "உங்கள் பக்கம் எதிரொலிக்கிறது, கொஞ்சம் பாருங்கள்" என்று ஐந்து நிமிடம் பாடாய்ப் படுத்தினார்.

படம் திக்கித் திக்கி ஓடுகிறது

இதற்கு உங்கள் பக்கம் மூன்று நோய்கள், மூன்றுக்கும் வெளியே ஒரே முகம், மருந்துகள் தனித்தனி. எதுவென்று தெரியாமல் பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவை, குறைப்பவர்கள்தான் அதிகம். ஓபிஎஸ்ஸில் புள்ளிவிவரச் சாளரம் ஒன்று இருக்கிறது, 'வியூ' மெனுவில் 'ஸ்டாட்ஸ்' என்று இருக்கும். மாநாடு முழுக்க அதைத் திறந்தே வைத்திருங்கள்.

அதில் நெட்வொர்க் காரணமாகக் கைவிட்ட ஃபிரேம்கள் (காணொளியின் தனித்தனிப் படங்கள்) ஏறினால் உங்கள் அப்லோட் போதவில்லை. அப்போதுதான் பிட்ரேட்டைக் குறைக்க வேண்டும், வைஃபையை விட்டு வயருக்கு மாற வேண்டும், அதே இணைப்பில் யாராவது பெரிய கோப்பு ஏற்றுகிறார்களா என்று பார்க்க வேண்டும். 'என்கோடிங் லாக்' எண்ணிக்கை ஏறினால் இணையத்தில் குறையில்லை, உங்கள் சிபியு மூச்சு வாங்குகிறது. படத்தைச் சுருக்கும் எக்ஸ்264 என்கோடரின் வேகத்தை 'வெரிஃபாஸ்ட்' நிலையிலிருந்து 'சூப்பர்ஃபாஸ்ட்'டுக்கு மாற்றுங்கள், கிராஃபிக்ஸ் அட்டையில் என்கோடர் இருந்தால் வேலையை அதன் தலையில் போடுங்கள், ஓபிஎஸ் ஓடும் கணினியிலேயே நாற்பது டேப் திறந்து வைத்துக்கொண்டு அரட்டையும் பார்க்காதீர்கள். 'ரெண்டரிங் லாக்' ஏறினால் கிராஃபிக்ஸ் பக்கம் பாரம். காட்சிகளில் அடுக்கி வைத்த அலங்காரங்களைக் கழற்றுங்கள்.

மூன்றும் பூச்சியமாக இருந்தும் படம் திக்கினால் கோளாறு பேச்சாளரிடமிருந்து அறைக்கு வரும் வழியிலேயே இருக்கிறது. அவரைக் கேமராவை அணைக்கச் சொல்லுங்கள். முகம் போனால் பரவாயில்லை, குரலும் ஸ்லைடும் போதும். இதைச் சொல்ல நெறியாளர்கள் தயங்குவார்கள், மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று. பேச்சாளர் உண்மையில் நன்றிதான் சொல்வார்.

இன்னொன்று. மென்பொருள் மாநாட்டில் திரையில் பெரும்பாலும் நிற்பது நிரல் எழுத்துகள், ஓடும் குதிரை கிடையாது. விநாடிக்கு 60 ஃபிரேமில் 720பி அனுப்புவதைவிட 30 ஃபிரேமில் 1080பி அனுப்புவது எவ்வளவோ மேல். பிட்ரேட்டை நான் விநாடிக்கு 4500 கிலோபிட் சுற்றுவட்டாரத்தில் வைப்பேன், எழுத்து கூர்மையாகவே இருக்கும். கீஃபிரேம் இடைவெளியை (முழுப் படம் ஒன்று எத்தனை விநாடிக்கு ஒரு முறை போகும் என்பதை) 'ஆட்டோ'வில் விடாமல் 2 விநாடி என்று போட்டுவிடுங்கள், யூடியூப் கேட்பதும் அதைத்தான்.

சிலர் மட்டும் உள்ளே வர முடியவில்லை

பெயர் தெரிகிறது, அரட்டையில் எழுதுகிறார், குரலும் படமும் மட்டும் இல்லை என்றால் அவர் அலுவலக ஃபயர்வாலுக்கோ கல்லூரி ஃபயர்வாலுக்கோ பின்னால் இருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். குரலும் படமும் யூடிபி என்ற இணைய நெறிமுறை வழியாகப் போகின்றன. ஜிட்சிக்கு யூடிபி 10000 போர்ட் (சர்வரின் வாசல் எண்), பிக்புளூபட்டனுக்கு 16384 முதல் 32768 வரை. அந்தப் பக்கம் இவற்றை அடைத்திருப்பார்கள். பிக்புளூபட்டன் 1007 என்று ஒரு பிழை எண்ணைக் காட்டினால் இதே கதைதான். நடுவில் குரலையும் படத்தையும் கைமாற்றி அனுப்பும் ஒரு டர்ன் சர்வர், கோடர்ன் மாதிரி ஒன்று, 443 போர்ட்டில் டிசிபி, டிஎல்எஸ் வழியாகக் கேட்கும்படி நிறுத்தியிருந்தால் பெரும்பாலான ஃபயர்வால்கள் சாதாரண இணையதளப் போக்குவரத்து என்று நினைத்து விட்டுவிடும். மாநாடு நடக்கும் நேரத்தில் டர்ன் சர்வர் நிறுவ உட்காராதீர்கள், அந்த ஆளை மொபைல் டேட்டாவுக்கு மாறச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

ஜிட்சியைச் சொந்த சர்வரில் நிறுவியவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது விழும் குழி ஒன்று உண்டு. முந்தின நாள் இரவு நண்பரோடு சோதித்தோம், அற்புதமாக வேலை செய்தது, காலையில் மூன்றாவது ஆள் வந்ததும் எல்லோருடைய படமும் குரலும் ஒரே நொடியில் போய்விட்டன. காரணம், இரண்டே பேர் இருக்கும்போது ஜிட்சி அவர்களை நேரடியாக இணைத்துவிடும், சர்வரின் வீடியோ பாலத்தை (எல்லோருக்கும் படத்தைப் பகிர்ந்தனுப்பும் பகுதியை) எட்டியும் பார்க்காது. மூன்றாவது ஆள் வந்தால்தான் பாலம் வேலைக்கு வரும், போர்ட் 10000 மூடியிருப்பது அப்போதுதான் தெரியும். எப்போதும் மூன்று பேரை வைத்துச் சோதியுங்கள், மூவரும் வேறு வேறு இணைப்பில்.

பொதுவில் கிடைக்கும் மீட்.ஜிட்.சி தளத்தை நம்பியிருப்பவர்களுக்கு: "நெறியாளருக்காகக் காத்திருக்கிறோம்" என்று அறை அடைத்தே கிடந்தால் அது பழுது இல்லை. 2023 ஆகஸ்டிலிருந்து அங்கே அறையைத் திறக்க ஒருவராவது கூகுள், கிட்ஹப், ஃபேஸ்புக் போன்ற கணக்கு ஒன்றில் நுழைந்தாக வேண்டும்.

ஆள் கூடக் கூட எல்லாம் மந்தமாகிறது

கணக்குப் போட்டுப் பாருங்கள். அறையில் நூறு பேர், பத்துப் பேரின் கேமரா திறந்திருக்கிறது, ஒவ்வொரு படமும் விநாடிக்கு அரை மெகாபிட் என்று வையுங்கள். நூறு பேருக்கும் பத்துப் படங்களையும் சர்வர் தனித்தனியாக அனுப்ப வேண்டும்: கிட்டத்தட்ட 500 மெகாபிட். கேமராக்கள் இருபதானால் அது 1000. ஆள் கூடினால் தானும் கூடும், கேமரா கூடினால் மறுபடி கூடும். உடனடி வைத்தியம், பேச்சாளர், நெறியாளர் தவிர மற்ற எல்லாக் கேமராக்களையும் பூட்டிவிடுவது. நிரந்தர வைத்தியம், பார்வையாளரை அறைக்குள் கொண்டுவராமலே இருப்பது: அறைக்குள் நாலைந்து பேர், மற்றவர்கள் எல்லாம் நேரலையில். ஆட்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டுமே என்றால் அதற்கென்று தனி அறை, இடைவேளையில்.

ஆள் கூடாமலே மந்தமானால் பிக்புளூபட்டனில் இன்னொன்றைப் பாருங்கள். ஓர் அமர்வு முடிந்ததும் அதன் பதிவைக் காணொளியாக மாற்றும் வேலை அதே சர்வரில் தொடங்கிவிடும், அடுத்த அமர்வுக்கு வேண்டிய சிபியுவை அது தின்னும். அந்த வேலையை இரவு நேரத்துக்குத் தள்ளிவைக்க வழி இருக்கிறது, தள்ளிவையுங்கள். ஜிட்சியில் பதிவு, நேரலை இரண்டுக்கும் ஜிப்ரி என்ற துணை நிரல்; ஒரு ஜிப்ரி ஒரு நேரத்தில் ஓர் அறையைத்தான் கவனிக்கும். இரண்டு அரங்குகள் இணையாக ஓடினால் இரண்டு ஜிப்ரி. இரண்டாவது அரங்கில் பதிவுப் பொத்தான் "இப்போது முடியாது" என்றால் சர்வரைத் திட்டாதீர்கள்.

திரையைப் பகிர்ந்தால் கறுப்பாகத் தெரிகிறது

லினக்ஸ் மாநாட்டில் லினக்ஸ் பயனருக்குத்தான் இது அதிகம் வரும், சிரிக்காதீர்கள். வேலாண்டில், அதாவது லினக்ஸில் திரையைக் கையாளும் புது முறையில், ஒரு செயலி இன்னொரு செயலியின் சாளரத்தைத் தன்னிச்சையாக எட்டிப் பார்க்க முடியாது, அது பாதுகாப்புக்காகவே அப்படி. உலாவி, ஒலியையும் படத்தையும் கடத்தும் பைப்வயர் வழியாக, டெஸ்க்டாப்பின் போர்ட்டல் சேவையிடம் அனுமதி கேட்டுத்தான் திரையைப் பெற முடியும். அந்தப் போர்ட்டலில் உங்கள் டெஸ்க்டாப்புக்கு உரிய துணைப்பொதி நிறுவப்படவில்லை என்றால் கறுப்பு. நுழைவுத் திரையில் பழைய முறையான எக்ஸ்11 தேர்வு இருந்தால் அதில் புகுந்துகொள்வது அவசரத்துக்கு உதவும். மேக்கில் என்றால் அமைப்புகளில் திரைப்பதிவு அனுமதியைக் கொடுத்துவிட்டு உலாவியை மூடித் திறக்க வேண்டும், அதாவது பேச்சாளர் அறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வரவேண்டும். நேரலையில் அது ஒரு யுகம்.

அதனால் எல்லாப் பேச்சாளர்களின் ஸ்லைடும் பிடிஎஃப் கோப்பாக நெறியாளர் கையில் முன்கூட்டியே இருக்க வேண்டும். கறுப்புத் திரை வந்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் மல்லுக்கட்டாமல் நெறியாளர் பகிர, பேச்சாளர் "அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே போகலாம். கறுப்பு இல்லை, டெர்மினல் எழுத்துதான் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்றால், அதைப் பேச்சாளரிடம் சொல்ல வேண்டியவர் ஃபோனில் பார்க்கும் வெளியாள்.

நேரமாகிவிட்டது, பேச்சாளரைக் காணோம்

இது தொழில்நுட்பக் கோளாறு மாதிரி தெரியாது, ஆனால் ஒரு மாநாட்டை இதைவிட அசிங்கமாக நிறுத்துவது வேறில்லை. ஃபோன் செய்தால் தூங்கி எழுந்த குரலில் "நாளைக்குத்தானே?" என்பார். அல்லது சரியாக ஒரு மணி நேரம் கழித்து, சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு, சிரித்த முகத்தோடு அறைக்குள் நுழைவார்.

ஒரு மணி நேரம் என்றால் கோடைநேர மாற்றம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. நடுவில் இரண்டு மூன்று வாரம் இரண்டு கண்டங்களுக்கும் உள்ள இடைவெளி வழக்கத்தைவிட ஒரு மணி குறைவு. அக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் இடையிலும் அப்படியே. அந்த வாரங்களில் மாநாடு வைப்பதை நான் தவிர்த்துவிடுவேன். அரை மணி பிசகினால் 5:30, 5:45 போன்ற இந்திய, நேபாள வித்தியாசங்களை யாரோ தலையிலேயே கணக்குப் போட்டிருக்கிறார். நாடுகளின் நேரத்துக்கு மூன்றெழுத்துச் சுருக்கங்களை எழுதவே எழுதாதீர்கள்: ஐஎஸ்டி என்றால் இந்தியாவும் உண்டு, அயர்லாந்தும் உண்டு, இஸ்ரேலும் உண்டு. இரவு 12:00 என்றும் எழுதாதீர்கள், எந்த நாளின் இரவு என்று சண்டை வரும். 23:45, 00:15 என்று வைத்துவிடுங்கள். அட்டவணை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில், கூடவே பேச்சாளரின் உள்ளூர் நேரம், அதோடு காலண்டரில் தானே போய் உட்காரும் ஐசிஎஸ் கோப்பு, மூன்றும் ஒரே அஞ்சலில் போகட்டும். ப்ரீடால்க்ஸ் மாதிரி கருவியில் அட்டவணை போட்டால் ஐசிஎஸ் அதுவே தரும்.

சரி, இப்போது ஆள் இல்லை, என்ன செய்வது? முன்பதிவு, அதாவது முன்கூட்டியே பதிவுசெய்த உரை, கையில் இருக்கிறதா? இருந்தால் போடுங்கள், முடிந்தது. என்னைக் கேட்டால் எல்லா உரையையும் முன்கூட்டியே பதிவுசெய்து வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். 2021 பிப்ரவரியில் முழுக்க இணையத்தில் நடந்த ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாடு அப்படித்தான் செய்தது, உரைகள் முன்பதிவு, கேள்வி பதில் மட்டும் நேரலை. ஈமேக்ஸ் பயனர்களின் மாநாடான ஈமேக்ஸ்கான்ஃபும் அந்த வழியில்தான் போகிறது. "உயிரோட்டம் போய்விடும்" என்று குழுவில் ஒருவர் நிச்சயம் சொல்வார். நானும் சொன்னவன்தான். ஆனால் உரை ஓடும்போது பேச்சாளர் அரட்டையில் உட்கார்ந்து, "அந்த வரியில் ஏன் அப்படி எழுதினீர்கள்" என்று கேட்பவருக்கு அங்கேயே பதில் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகு எனக்கு மனம் மாறிவிட்டது, நேரடி உரையில் அது நடக்கவே நடக்காது. மேலே சொன்ன கோளாறுகளில் பாதி, முன்பதிவு இருந்தால் ஒரு வாரம் முன்பே வந்து, யாரும் பார்க்காத நேரத்தில் சரியாகிப் போயிருக்கும்.

கேள்வி நேரத்தில் மயான அமைதி

பேச்சாளர் முடிக்கிறார். நெறியாளர் "யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்கிறார். பத்து விநாடி. பதினைந்து விநாடி. "சரி, எல்லாருக்கும் தெளிவாகப் புரிந்துவிட்டது போல, நன்றி" என்று மூடுகிறார். மூடிய ஐந்தாவது விநாடியில் அரட்டையில் மூன்று கேள்விகள் விழுகின்றன.

யார்மேலும் தப்பில்லை. நேரலை பார்ப்பவரை அடைய இருபது முப்பது விநாடி ஆகும், அவர் கேட்டு, யோசித்து, தட்டச்சு செய்ய இன்னும் அரை நிமிடம். தளத்தின் அமைப்பில் தாமதத்தைக் குறைக்கலாம், ஆனால் குறைத்தால் பலவீனமான இணைப்பில் இருப்பவருக்குப் படம் அடிக்கடி நிற்கும், எனவே நான் தொடமாட்டேன். அதற்குப் பதில், உரை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே நெறியாளர் அரட்டையில் கேள்விகளைக் கேட்டு வாங்கட்டும். அவர் கையில் சொந்தமாக இரண்டு கேள்விகள் இருக்கட்டும், அவற்றுக்குப் பதில் ஓடும் நேரத்தில் மற்றவை வந்து சேரும்.

கேள்விகள் வருகின்றன, ஆனால் ஐஆர்சி அரட்டையில் ஒன்று, மேட்ரிக்ஸ் அரட்டையில் இரண்டு, யூடியூப் அரட்டையில் ஒன்று என்று சிதறிக் கிடக்கின்றன என்றால், எல்லாவற்றையும் ஓர் ஈதர்பேடில் (பலர் சேர்ந்து எழுதும் இணையத் தாள்) அள்ளிப் போட ஒருவரை வையுங்கள். பாலம் போட்டு இணைத்துவிடலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய கையேடுகளில் இருக்கும், மேட்ரிக்ஸ்.ஆர்க் தளத்தையும் லிபரா.சாட் என்ற ஐஆர்சி தளத்தையும் இணைத்த பாலம் 2023இல் மூடப்பட்டுவிட்டது. சொந்தப் பாலம் என்றால் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தனி.

யாரோ உள்ளே புகுந்து அசிங்கம் செய்கிறார்

முதலில் நேரலையைக் காப்பாற்றுங்கள், அந்த ஆளைத் தேடுவது அப்புறம். ஓபிஎஸ்ஸில் "சற்று நேரத்தில் திரும்புகிறோம்" என்று ஒரு காட்சி தயாராக இருக்க வேண்டும், அதில் அறையின் ஒலி கலக்கவே கூடாது, அதற்கு ஒரு குறுக்குவிசை இருக்க வேண்டும். ஒரு விசை, வெளியே எதுவும் தெரியாது. அப்புறம் நிதானமாக எல்லோரையும் ம்யூட் செய்து, ஆளை நீக்கி, அறையைப் பூட்டலாம். ஒருவர் இல்லை, கூட்டமாக வருகிறார்கள் என்றால் அந்த அறையோடு மல்லுக்கட்டாமல் புது அறைக்கு மாறி, பேச்சாளருக்கு மட்டும் இணைப்பைத் தனியாக அனுப்புங்கள். அறையின் இணைப்பைப் பொது அட்டவணையில் போட்டதால்தான் பெரும்பாலும் இது நடக்கிறது.

நடத்தை விதிகள் இல்லாத மாநாடு இப்போது அரிது, 2014இல் வந்த 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' என்ற மாதிரி விதிகளைத் தழுவி எழுதியவை நிறைய உண்டு. ஆனால் அது மாநாடுகளுக்காக இல்லை, மென்பொருள் திட்டங்களுக்காக எழுதப்பட்டது. அதை அப்படியே ஒட்டிவிட்டு, யாரிடம் புகார் சொல்வது, அவர் எந்த மணி முதல் எந்த மணி வரை விழித்திருப்பார் என்று எழுதாமல் விட்டால் புகார் கொடுக்க வந்தவர் சுவரோடுதான் பேச வேண்டும். இரண்டு பேர் பெயர் வேண்டும், புகார் அவர்களில் ஒருவர்மேலேயே இருந்தால் மற்றவரிடம் போக. வசை வாங்கியவரிடம் அன்றே தனியாகப் பேசுங்கள். பதிவிலிருந்து அந்தப் பகுதியை வெட்டுவதையும் அவரிடம் கேட்டே செய்யுங்கள்.

நேரலை பட்டென்று அறுந்துவிட்டது

இடைவேளையில் பாட்டுப் போட்டீர்களா? யூடியூப் உரிமைச் சோதனை நேரலையையும் பார்க்கும், யாருடைய இசையாவது சிக்கினால் நிறுத்திவிடும். இடைவேளைக்கு உங்கள் குழுமத்து ஆள் யாராவது வாசித்ததைப் போடுங்கள், இல்லாவிட்டால் மௌனம் நல்லது. நேரலையே தொடங்கவில்லை, கணக்கு புதிது என்றால், முதன்முறை நேரலை வசதியைக் கேட்ட பிறகு அது திறக்க 24 மணி நேரம் வரை ஆகும். அன்றைக்குச் செய்ய ஒன்றுமில்லை, வேறு தளத்துக்கு ஓடுங்கள். ஸ்ட்ரீம் கீயை, அதாவது ஓபிஎஸ் நேரலைத் தளத்துக்குக் காட்டும் ரகசியச் சாவியை, யாராவது திரைப்பகிர்வில் காட்டிவிட்டால் உடனே மாற்றுங்கள். அந்தக் கீயும் கணக்கின் கடவுச்சொல்லும் ஒரே ஆளிடம் இருந்து, அந்த ஆள் இரவு முழுக்கக் கண்விழித்துவிட்டு இப்போது தூங்கிக்கொண்டிருந்தால், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

எது அறுந்தாலும் ஓபிஎஸ் தன் கணினியிலேயே பதிவுசெய்துகொண்டிருக்க வேண்டும், எம்கேவி வடிவத்தில். எம்பி4இல் பதிவாகும்போது மின்சாரம் போனால் அதுவரை பதிந்தது மொத்தமும் திறக்காமல் போகலாம், எம்கேவியில் போன நொடி வரைக்கும் மிஞ்சும். எம்பி4 வேண்டுமென்றால் முடிந்த பிறகு ஓபிஎஸ்ஸிலேயே ஒரு நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

பெயர் பதிவுசெய்தவர்கள் பலர் "லிங்க்கே வரவில்லை" என்கிறார்கள்

ஸ்பாம் பெட்டி. அஞ்சல் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் உங்கள் டொமைனுக்குச் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் கடுமையாகிவிட்டது, ஒரே நாளில் 5000 அஞ்சலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். சின்ன மாநாட்டுக்கு அந்த எண் எட்டாது, ஆனாலும் வைத்துவிடுங்கள். அவசரத்துக்கு, நேரலை இணைப்பை மாநாட்டின் முகப்புப் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டுவிடுங்கள். அறையின் இணைப்பைத்தான் மறைக்க வேண்டும், நேரலையை மறைத்து என்ன ஆகப்போகிறது?

முடிந்து இரண்டு மாதம், காணொளிகள் இன்னும் வெளிவரவில்லை

இங்கே யாரும் அரட்டையில் கத்தமாட்டார்கள், அதனால்தான் இது இழுத்துக்கொண்டே போகும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரே ஆளிடம் எட்டு மணி நேரக் கோப்பு ஒன்று இருக்கிறது, அவர் அதை எல்லாம் தானே வெட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், நல்ல மனிதர், கேட்டால் "இந்த வாரக் கடைசியில்" என்பார். எஸ்ரிவ்யூ என்று ஒரு கட்டற்ற கருவி இருக்கிறது, ஃபாஸ்டெமும் டெபியன் மாநாடான டெப்கான்ஃபும் பயன்படுத்துவது. அட்டவணையை வைத்து அதுவே தோராயமாக வெட்டி, தொடக்கமும் முடிவும் சரியா என்று பேச்சாளருக்கே அஞ்சல் அனுப்பிக் கேட்கும். அதை நிறுவ நேரமில்லை என்றால் அதே யோசனையைக் கையால் செய்யுங்கள்: ஒரு பகிர்தாளில் உரைக்கு ஒரு வரி, ஒவ்வொரு பேச்சாளரும் தன் உரை எத்தனையாவது நிமிடத்தில் தொடங்கி எதில் முடிகிறது என்று தானே எழுதட்டும். இருபது பேருக்கு ஆளுக்குப் பத்து நிமிட வேலை. வெட்டுவதை எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவரிக் கருவி பார்த்துக்கொள்ளும், ஒருவர் குரல் கத்தலாகவும் ஒருவர் முணுமுணுப்பாகவும் இருப்பதை அதிலேயே இருக்கும் லவுட்நார்ம் வடிகட்டி சமன்செய்துவிடும்.

வெட்டிப் பார்த்தால் உதடும் குரலும் ஒட்டவில்லையா? தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு பிசகு என்றால் ஒலியை அந்த அளவு நகர்த்தினால் போதும். போகப்போகப் பிசகு வளர்ந்தால், மைக் ஒரு சாம்பிள் ரேட்டிலும் (விநாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கிறது என்பது) பதிவு வேறொன்றிலும் ஓடியிருக்கின்றன, பெரும்பாலும் ஒன்று 44.1, மற்றது 48 கிலோஹெர்ட்ஸ். ஒலியை நீட்டியோ சுருக்கியோ சரிசெய்யலாம், அடுத்த முறை எல்லாச் சாதனங்களையும் 48இல் வையுங்கள்.

காணொளி தயார், ஆனால் எந்த உரிமத்தில் போடுவது என்று பேச்சாளரிடம் கேட்கவே இல்லை என்பது அடுத்த முட்டுக்கட்டை. உரைக்கு அழைப்பு விடும் படிவத்திலேயே பதிவுக்குச் சம்மதமா, கிரியேட்டிவ் காமன்ஸில் எது என்று இரண்டு கேள்விகள் போட்டிருந்தால் இப்போது இருபது அஞ்சல் அனுப்ப வேண்டியிருக்காது. இப்போது அனுப்புங்கள், பதில் வரும்வரை சம்மதித்தவர்களின் உரைகளை ஒவ்வொன்றாக வெளியிட ஆரம்பித்துவிடுங்கள், எல்லாம் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வசனவரிகளுக்கு 2022இல் வந்த, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பரை ஓட்டினால் முதல் வரைவு கிடைக்கும். ஆட்களின் பெயர்களையும் கட்டளைகளையும் அது தன் இஷ்டத்துக்கு எழுதி வைத்திருக்கும், அவற்றை மட்டும் பேச்சாளரிடமே திருத்தித் தரச் சொல்லுங்கள். தன் பெயரைத் தப்பாகப் பார்த்தவர் அன்றைக்கே திருத்தி அனுப்பிவிடுவார்.